இறால் தொட்டியில் நத்தைப் பெருக்கம்

சிற்றிறால் வளர்க்கும் நன்னீர்த் தொட்டிகளில் நத்தைகள் அழையாமலே வந்து பெருகுகின்றன. மும்பையின் சுனாபட்டி, செம்பூர், தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் பெரிய மீன்தொட்டிக்கு இடம் கிடைப்பது அரிது. 20 லிட்டர் தொட்டியும் தைவான், சீனப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட செர்ரி இறாலும் அங்கே பொருந்துகின்றன. கிராஃபர்ட் மார்க்கெட்டிலோ குர்லாவிலோ வாங்கும் நீர்ச்செடியின் இலையடியில் பசைபோல் ஒட்டியிருக்கும் முட்டைகளே பெரும்பாலும் தொடக்கம். பிளாடர் நத்தை, ராம்ஸ்ஹார்ன் நத்தை, மண்ணுக்குள் புதையும் மலேசிய நத்தை ஆகிய மூன்றும் வழக்கமாக வருபவை. பிளாடர் நத்தை ஒன்றே தனித்திருந்தும் முட்டையிடும். மலேசிய நத்தையின் பெண், ஆணில்லாமலே குஞ்சு ஈனும். எனவே எல்லாவற்றையும் பொறுக்கி ஒழித்துவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இரை. இறால் தின்னாமல் விட்ட தீனியும் அழுகும் இலையும் கண்ணாடியில் படியும் பாசியும் மிகுந்தால் நத்தை மிகும்; அவை குறைந்தால் முட்டையிடுவதும் குறையும். மும்பையின் வெப்பத்தில் முட்டைகள் ஓரிரு வாரங்களில் பொரிந்துவிடுவதால், தீனி கூடிய பிழை விரைவிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஓரிரு மணி நேரத்தில் தின்று தீரும் அளவுக்கே தீனி போடுவதும், மிஞ்சியதை எடுத்துவிடுவதுமே முதல் மருந்து. இரவில் ஒரு வெள்ளரித் துண்டை இட்டு, காலையில் அதில் மொய்த்த நத்தைகளோடு தூக்கிவிடுவது துணை வழி மட்டுமே. தீனி குறையாவிட்டால் எஞ்சியவை மீண்டும் நிரப்பிவிடும்.

தீனியைக் குறைத்தால் இறால் பட்டினி கிடக்காதா என்று கேட்கலாம். முதிர்ந்த தொட்டியில் செடியிலும் ஸ்பாஞ்ச் பில்டரிலும் படரும் நுண்ணுயிர்ப் படலமே இறாலின் அன்றாட உணவு. மேலே போடும் தீனி துணையுணவுதான். புதிதாக அமைத்த தொட்டிக்கு மட்டும் இந்தக் கேள்வி பொருந்தும். அங்கே படிப்படியாகவே குறைக்க வேண்டும். நத்தை இறால் முட்டையைத் தின்றுவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. பெண் இறால் முட்டைகளை வயிற்றடியில் சுமந்தே பொரிக்கிறது.

கடைகளில் கிடைக்கும் நத்தைக்கொல்லிகளில் பலவற்றில் செம்பு உண்டு. இறாலின் குருதி நிறமியிலேயே செம்பு இருந்தாலும், நீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலும் இறாலைக் கொல்லும். செம்பில்லாத மருந்தும் ஆபத்தற்றதல்ல: நூறு நத்தை ஒரே நாளில் செத்து அழுகினால் 20 லிட்டர் நீரில் அம்மோனியா ஏறிவிடும். நத்தை தின்னும் லோச் மீன்கள் இறால் குஞ்சுகளையும் விடா. நத்தையையே வேட்டையாடும் அசாசின் நத்தை இவற்றை விட மேல். ஆனால் இரை தீர்ந்தபின் அதற்கும் தீனி போட வேண்டும். புதிய செடியைத் தனி வாளியில் சில வாரம் வைத்துக் கவனிப்பது இவையெல்லாவற்றையும் விட எளிது. படிகாரக் கரைசலில் நனைத்தால் நத்தை சாகும், முட்டை தப்பக்கூடும்.

எடுத்த நத்தைகளை வாய்க்காலில் கொட்டுவது தவறு. இந்திய ராம்ஸ்ஹார்ன் இனம், மாடுகளுக்கு மூக்கடைப்பு நோய் தரும் ரத்தத் தட்டைப்புழுவுக்கு இடைநிலை ஓம்புயிர். வெளிநாட்டு இனங்களோ மித்தி போன்ற ஆறுகளில் நிலைத்துவிடக்கூடும். ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துக் குப்பையில் போடுங்கள்.