சாந்தினி பார் (திரைப்படம்)

சாந்தினி பார், மதுர் பண்டார்கர் இயக்கத்தில் 2001 செப்டம்பரில் வெளியான இந்தித் திரைப்படம். மும்பையின் 'லேடீஸ் பார்'களில் ஆடிப் பிழைக்கும் பெண்களைப் பற்றியது. தபு, அதுல் குல்கர்னி, அனன்யா கரே ஆகியோர் நடித்தனர்; ஒளிப்பதிவு ராஜீவ் ரவி. ராம் கோபால் வர்மாவிடம் உதவி இயக்குநராக இருந்த பண்டார்கரின் முதல் படம் 'திரிசக்தி' (1999) ஓடவில்லை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த இரண்டாம் படம்தான்.

மதக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த மும்தாஜ் (தபு), உத்தரப் பிரதேசக் கிராமத்திலிருந்து தாய்மாமனுடன் மும்பை வருகிறாள். வேலை தேட வக்கற்ற மாமன் அவளை பாரில் ஆட அனுப்புகிறான். அவள் சம்பாத்தியத்தில் குடிக்கிறான். ஒருநாள் அவளைக் கெடுக்கவும் செய்கிறான். பாருக்கு வரும் ரவுடி போட்யா சாவந்த் (அதுல் குல்கர்னி) விஷயம் அறிந்து மாமனைக் கொன்று, மும்தாஜை மணக்கிறான். இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன் ஒருவனை போட்யா கொல்லப்போக, அவனே என்கவுன்டரில் சுடப்படுகிறான். மும்தாஜ் மறுபடி பாருக்குத் திரும்புகிறாள். பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பதொன்றே அவள் குறி. ஆனால் மகன் போலீசில் சிக்கிச் சிறார் சீர்திருத்த இல்லத்தில் வன்முறைக்கு ஆளாகிறான். அவனை மீட்கத் தேவைப்படும் லஞ்சப் பணத்துக்காகத் தாய் உடலை விற்கிறாள், மகள் மேடையேறுகிறாள்.

பிற்பாதியில் துயரத்தின் மேல் துயரம் அடுக்கப்படுவது சற்று மிகைதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். மும்தாஜை அழிப்பவை வீடு, ரவுடிக் கும்பல், காவல் நிலையம், சீர்திருத்த இல்லம். அவள் உழைப்புக்குக் காசு கொடுக்கும் ஒரே இடம் அந்த பார். அதைப் படம் புனிதப்படுத்தவில்லை, இழிவாகக் காட்டவுமில்லை. ஒப்பனை அறையில் பெண்கள் பேசிக்கொள்ளும் காட்சிகளே படத்தின் உயிர். மனைவி சம்பாத்தியத்தில் வாழும் கணவனிடம் சிக்கிய தீபாவாக அனன்யா கரே அங்கே பளிச்சிடுகிறார்.

49வது தேசிய விருதுகளில் படம் நான்கு விருதுகள் பெற்றது: சமூகப் பிரச்சினை பற்றிய சிறந்த படம், சிறந்த நடிகை, துணை நடிகர், துணை நடிகை. நடிகை விருதை தபு, 'மித்ர், மை ஃபிரண்ட்' படத்துக்காக ஷோபனாவுடன் பகிர்ந்துகொண்டார். இந்தப் படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் சாந்தமான அக்காவாகத் தமிழ் ரசிகர்கள் தபுவைப் பார்த்திருந்தார்கள். துணை நடிகர் விருது வாங்கிய குல்கர்னி ஏற்கெனவே 'ஹே ராம்' படத்துக்காக இதே விருதைப் பெற்றவர்.

படம் வந்து நான்கு ஆண்டுகளில், 2005இல், மகாராஷ்டிர அரசு பார் நடனத்தைத் தடை செய்தது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பணக்காரர் பார்த்தால் கலை, மற்றவர் பார்த்தால் ஒழுக்கக்கேடு என்ற கணக்கு! இந்தப் பாகுபாட்டைச் சுட்டி மும்பை உயர் நீதிமன்றம் 2006இல் தடையை ரத்து செய்தது. 2013இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், வேலையிழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் குறிப்பிட்டது. மாநில அரசு 2014இல் சட்டத்தைத் திருத்தியும், 2016இல் புதுச் சட்டம் இயற்றியும் கெடுபிடியைத் தொடர்ந்தது. அந்தப் புதுச் சட்டத்தின் பல நிபந்தனைகளை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆடுபவருக்கு டிப்ஸ் தரலாம், ஆனால் ரூபாய் நோட்டுகளை அவர்மேல் வாரி இறைக்கக் கூடாது என்றது.