பிரெண்ட்ஸ்டரை விட்டு நீங்கியோர்

நீர் வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் நீங்குவது இயற்கை. மக்கள் கூடிப் பழகும் இடங்களுக்கும் இது பொருந்தும். சந்தையும் சாவடியும் போலவே, கணினி வலையில் அமைந்த பொதுவிடங்களும் தோன்றி, வளர்ந்து, தேய்கின்றன. அவ்வாறு தேய்ந்தவற்றுள் மலேசிய, சிங்கப்பூர் மக்களோடு நெருங்கிய தொடர்புடையது பிரெண்ட்ஸ்டர் என்னும் சமூக வலைத்தளமாகும்.

ஜோனதன் ஆப்ரம்ஸ் என்பார் 2002ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இதனை நிறுவினார். அடுத்த ஆண்டில் இது பொதுமக்களிடையே பரவிற்று. சில மாதங்களிலேயே உறுப்பினர் தொகை இலட்சக்கணக்கில் பெருகிற்று. ஒருவர் தம் நண்பரின் நண்பரையும், அவர்தம் நண்பரையும் கண்டு தொடர்புகொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. 2003இல் கூகிள் நிறுவனம் 3 கோடி டாலருக்கு இதனை வாங்க முன்வந்தது, ஆப்ரம்ஸ் இசையவில்லை.

ஆனால், அச்சிறப்பே பெருஞ்சுமையாகவும் ஆயிற்று. ஒருவர் தம் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய நட்புத் தொடர்கள் அனைத்தையும் கணக்கிட வேண்டியிருந்தது. கூட்டம் பெருகப் பெருகக் கணினிகள் தளர்ந்தன. காத்திருந்து சலித்த அமெரிக்க இளைஞர் பலர் 2003இல் தோன்றிய மைஸ்பேஸை நாடினர். வேடிக்கையாகக் கற்பனைப் பெயர்களில் தொடங்கப்பெற்ற கணக்குகளை நிருவாகம் நீக்கியதும் மனக்கசப்பை வளர்த்தது.

அமெரிக்காவில் தேய்ந்த அத்தளம் தென்கிழக்காசியாவில் செழித்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் இளைஞர் பலருக்கு அதுவே முதல் சமூக வலைத்தளம். நண்பரைப் பற்றி நண்பர் எழுதிக்கொடுக்கும் சான்றுரைகள் அங்கே பெருமையாகப் போற்றப்பட்டன. ஆயினும், 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று 2006 செப்டம்பரில் பேஸ்புக் தன் கதவைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இவ்வட்டாரத்து மக்களும் அணியணியாக அங்குப் பெயர்ந்தனர். 2009 டிசம்பரில் மலேசியாவின் எம்.ஓ.எல். குளோபல் நிறுவனம் பிரெண்ட்ஸ்டரை வாங்கிய பின்னரும் சென்றவர் மீளவில்லை.

இதன் காரணத்தைச் சூரிச் நகர ஆய்வாளர் சிலர் 2013இல் ஆராய்ந்து வெளியிட்டனர். உறுப்பினர் தொகை மட்டும் ஒரு தளத்தைக் காப்பதில்லை; அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு செறிவாகப் பிணைந்துள்ளனர் என்பதே காக்கும். பயன் குறைந்து தொல்லை மிகும்போது, நண்பர் சிலரே உடையவர் முதலில் நீங்குவர். அவர்கள் நீங்க, எஞ்சியோரின் நட்பும் சுருங்கும். பிறகு அவர்களும் நீங்குவர். மாற்றிடம் தேடுவோர் வசதியைத் தேடுவது போலத் தோன்றினும், உண்மையில் தம் நண்பர் சென்ற இடத்தையே தேடுகின்றனர்.

மக்களுக்கு மாற்றிடம் கிடைத்தது. அவர்கள் எழுதியவற்றுக்கோ கிடைக்கவில்லை. 2011 மே 31க்குப் பின் படங்கள், பதிவுகள், சான்றுரைகள் யாவும் அழிக்கப்படும் என்று பிரெண்ட்ஸ்டர் முன்னறிவித்தது. படங்களை எடுத்துச்செல்ல வழியும் செய்து தந்தது. ஆனால், நெடுநாள் முன்பே நீங்கியவர்களுள் எத்தனை பேர் அதனைக் கவனித்திருப்பர்? ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவினர் பொதுப் பக்கங்களில் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். அதன்பின் விளையாட்டுத் தளமாக மாறிய பிரெண்ட்ஸ்டர், 2015 ஜூன் 14இல் தன் சேவையை நிறுத்தியது.

2022 அக்டோபரில் டுவிட்டர் எலான் மஸ்க் உடைமையானபோதும் பலர் மாற்றிடம் தேடினர். அவர்களுள் ஒரு சாரார் சென்ற மாஸ்டடான், 2016இல் ஜெர்மனியில் தோன்றியது. தனித்தனியே நடத்தப்பெறும் பல நிலையங்கள் பொது விதியொன்றால் இணைந்த அமைப்பு அது. ஒரு நிலையம் பிடிக்காவிடின், தம்மைப் பின்தொடர்வோருடன் மற்றொன்றுக்கு மாறலாம். இது நல்ல முன்னேற்றமே. எனினும், எழுதிய பழைய பதிவுகள் அங்கும் உடன்செல்வதில்லை.

ஓலைச்சுவடி செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக் காத்தவர்கள் நம் முன்னோர். பெயர்த்தெழுதப்படாதவை மறைந்தன. வலைத்தளத்தில் எழுதும் ஆசிரியரும் மாணவரும் இவ்வழக்கத்தை மறத்தலாகாது. குளம் வற்றும்போது வேறு குளம் தேடலாம். எழுத்தின் படியை மட்டும் குளம் நிறைந்திருக்கும்போதே எடுத்து வைத்தல் வேண்டும்.