எம். ஜே. கோபாலன்

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் செங்கற்பட்டு மாவட்டம் மொறப்பாக்கத்தில் பிறந்தவர். மிதவேகப் பந்துவீச்சாளர், வளைகோல் பந்தாட்டத்திலும் தேர்ந்தவர். அக்காலத்தில் விளையாட்டைக் கொண்டு பிழைக்க முடியாது. இவரது திறமையைக் கண்ட சி. பி. ஜான்ஸ்டன் பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார்.

1934 சனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராகத் தேர்வுப் போட்டியில் களமிறங்கினார். 11 (ஆட்டமிழக்காமல்), 7 ஓட்டங்கள், ஓர் இலக்கு. அடுத்த மாதம் சொந்த ஊரான சென்னையில், சேப்பாக்கத்தில் நடந்த போட்டியில் இவருக்கு இடமில்லை. தேர்வு ஆட்ட வாழ்க்கை அந்த ஒரே போட்டியோடு சரி.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவரே. மைசூருக்கு எதிரான அந்தப் போட்டி ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 இலக்குகளை வீழ்த்தினார்.

1935இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று வளைகோல் ஆடினார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துப் பயணமா என்ற நிலை வந்தபோது இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். விஜயநகரம் இளவரசர் தலைமையில் சென்ற அந்த அணியில், நிசார், அமர்சிங் ஆகியோருக்குப் பின்னால் நின்ற இவருக்கு ஒரு தேர்வுப் போட்டியும் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து உடன் சென்ற, நாற்பதை எட்டிய கோட்டா ராமசாமிக்கோ இரண்டு கிடைத்தன! ஆகஸ்ட் 15 அன்று வளைகோல் அணி செருமனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது.

பின்னர் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். சென்னை, இலங்கை அணிகள் 1950களிலிருந்து ஆடிய கோபாலன் கோப்பை இவர் பெயரிலானது. 2003 திசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார்.