ஆத்தங்குடிப் பூக்கல்லும் ஈம்ஸ் கண்ட செம்பும்

பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் மக்களோடு கூடி, இயற்கைக்கு ஊறு நேராத வகையில் பொருள்களை வடிவமைக்கக் கற்கும் முறைக்கு இந்தியாவில் ஆதிநூல், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையே என்பது ஏறக்குறைய ஸ்திரப்பட்டுவிட்ட அபிப்பிராயம். அதன் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். ஆதி என்பதை ஒப்பேன்.

அவ்வறிக்கைக்கு உயிரானது செம்பைப் பற்றிய பகுதி. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையில் சுமப்பதா இடுப்பில் ஏந்துவதா, உள்ளங்கைக்கு எங்ஙனம் இசையும், வேறொரு பாத்திரத்தில் மோதுகையில் எத்தகைய ஒலி எழும் என வினாமேல் வினாவாக அடுக்கி, தனியொருவர் இதனை வடிவமைத்திருக்க இயலாது, பல தலைமுறைகளின் ஆக்கமே இது என்று முடிக்கிறார்கள். எத்தனை முறை வாசித்தாலும் அக்கண்களின் கூர்மையை வியவாதிருக்க முடியவில்லை. ஆயினும், செய்வதற்காகும் செலவை வினவும் அவ்வடுக்கு, செய்கின்றவர் இன்னார், அவர் பெறும் கூலி இவ்வளவு, உலைக்கு விறகு இங்கிருந்து வந்தது என்பவற்றை வினவவில்லை. பெயரறியாத முன்னோரைப் போற்றும் ஆர்வத்தில், கண்முன் அமர்ந்திருக்கும் கைவினைஞர் மறைந்துபோகிறார்.

பல தலைமுறைகளின் பெயரற்ற ஆக்கம் என்னும் இந்த வாசிப்பு செட்டிநாட்டில் நிற்காது. அங்கே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல், சிமெண்ட் புழக்கத்துக்கு வந்த பின்னரே பிறந்த பொருள். கண்ணாடியின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைதோறும் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கியபின் உலர்ந்த மணலையும் சிமெண்டையும் தூவி, சாந்திட்டு, பின்னர்ச் சில நாள் நீரில் ஊறவைக்கிறார்கள். கல்லைச் சுடச் சூளை வேண்டியதில்லை. பளபளப்பைக் கண்ணாடியே தந்துவிடுகிறது. சிமெண்டே சூளையில் வெந்ததாகையால், இக்கல் சுற்றுச்சூழலுக்குச் சிறிதும் தீங்கற்றது என்பாரோடு நான் உடன்படவில்லை. முதற்பட்டறை எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலா, அடுத்ததன் தொடக்கத்திலா என்பது தீராத பிரச்னை. எக்காலமாயினும், வீடு கட்டிய நகரத்தார் வணிகரின் விருப்பமும், கடல் கடந்து வந்த மாதிரிகளும், உள்ளூர்க் கைத்திறனும் குறுகிய காலத்துக்குள் கூடி நிகழ்த்திய வடிவமைப்பு இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவ்வாறாயின் ஆதியை எங்கே தேடுவது? 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலையே கல்வியின் மையமாக்கிய கொள்கையில் தேட வேண்டும், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரச் சிந்தனையில் தேட வேண்டும். ஈம்ஸ் அறிக்கைக்கு இரண்டாண்டு முன்னதாக, 1956-இல் காந்திகிராமத்தில் தோன்றி மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்பிய கிராமிய நிறுவனத்தில் தேட வேண்டும். காந்திகிராமத்திலிருந்து அகமதாபாத்துக்கு நேர்க்கோடு இழுக்க ஆவணச் சான்று போதாது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், ஈம்ஸ் கேளாத வினாக்களைக் குமரப்பா முன்னரே கேட்டிருந்தார்: உழைப்பவர் யார், வரும் தலைமுறைக்கு மிஞ்சுவது எது?

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்ன உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இங்கு வரும் வடிவமைப்பு மாணவர்களுக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் இவ்வினாக்கள் ஏட்டுச் சர்ச்சையாக இரா. மாணவர் வரைந்த புதுப்பூவுக்குப் பட்டறைக்காரர் அச்சு வெட்டி, வண்ணம் கலந்து, ஓரம் சிதையாதபடி கோட்டையும் மாற்றியமைப்பாராயின், அந்த அச்சு யாருடையது, அடுத்த ஆயிரம் கல்லின் ஊதியத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே இருவரும் அமர்ந்து எழுதிக்கொள்ளும்படி பாடத்திட்டம் விதித்தாக வேண்டும்.