கட்சிச் சின்னமில்லா ஊராட்சித் தேர்தல் (தென்காசி வட்டாரம்)

தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரு பதவிகளுக்கு மட்டும் கட்சி அடிப்படையின்றி நடத்தப்படும் தேர்தல். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி மாநிலத் தேர்தல் ஆணையம் இதை நடத்துகிறது. தென்காசி நகராட்சியிலும் குற்றாலம் பேரூராட்சியிலும் வேட்பாளர்கள் கட்சிச் சின்னங்களில் போட்டியிடலாம். பக்கத்திலுள்ள ஆயிரப்பேரி போன்ற ஊராட்சிகளில் முடியாது.

வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவரை முன்மொழிபவரும் உரிய பகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்புமனுப் பரிசீலனையும் வாபஸும் முடிந்தபின், களத்தில் நிற்பவர்களுக்கு ஆணையத்தின் சுயேச்சைச் சின்னங்கள் ஒதுக்கப்படும். பூட்டு சாவியோ கைஉருளையோ, பிரசாரம் நடக்கும் சில நாட்களுக்கு அதுவே வேட்பாளரின் அடையாளம். இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. இங்கு ஊரகத் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்து, 12-இல் வாக்குகள் எண்ணப்பட்டன. வாக்குச்சீட்டு முறைதான். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அதே நாட்களில் ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கான பச்சை, மஞ்சள் சீட்டுகளில் கட்சிச் சின்னங்கள் இடம்பெற்றன. இதனால் கட்சிகள் கிராமத்தை விட்டு விலகி நிற்கின்றன என்று சொல்லிவிட முடியாது. தலைவர், வார்டு உறுப்பினர் வேட்பாளர்களுக்குக் கட்சி ஆதரவு வாய்மொழியாகத் திரட்டப்படுகிறது.

இம்முறைக்குப் பெருங்கேடு தலைவர் பதவியை ஊர்கூடி ஏலம் விடுவது. போட்டியின்றித் தேர்வாவதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் பணம் கொடுத்துப் போட்டியாளரை விலக்குவது குற்றம்.