செயற்கைச் சிறுநீரகம் பிறந்த வரலாறு



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் செல்வத்தை இழந்தவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறவர்களை நீங்களும் அறிவீர்கள். "அந்த மெஷின் இல்லேன்னா ஆள் இல்லே" என்று அவர்கள் வீட்டார் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அந்த இயந்திரம் எப்படிப் பிறந்தது, அதற்காக யார் யார் பாடுபட்டார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சிறுநீரகம் செய்யும் வேலை

நம் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும், கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நாள் ஒன்றுக்கு அவை ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் வேண்டியதையெல்லாம் மறுபடியும் உடம்புக்கே கொடுத்துவிட்டு, வேண்டாத கழிவை மட்டும் ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ரப்பர் ஆலையில் பாலை வடிகட்டித் தூசியையும் பட்டையையும் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே வடிகட்டி அடைத்துக்கொண்டால் வேலை நின்றுபோகும். இங்கே அடைத்துக்கொண்டால் உயிரே போகும்.

அட்டை செய்த உதவி

1861-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தாமஸ் கிரஹாம் ஓர் உண்மையை விளக்கினார். சில மெல்லிய சவ்வுகள் சிறிய பொருள்களைத் தம் வழியே போகவிடும். பெரிய பொருள்களைத் தடுத்துவிடும். மாணவர்களே, தேயிலைப் பையைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். சாயம் வெளியே வருகிறது, தூள் உள்ளேயே நிற்கிறது. ஏறக்குறைய அதுபோலத்தான். இதற்கு அவர் வைத்த பெயர்தான் டயாலிசிஸ்.

1913-இல் அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஏபெல் என்பவரும் அவர் குழுவினரும் நாயின் இரத்தத்தை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஆனால் இரத்தம் வெளியே வந்தால் உறைந்துவிடுமே! அதற்கு அவர்கள் நாடியது எதை தெரியுமா? அட்டையை! காலையில் மரம் சீவப் போகிறவர்களுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அது கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வடியும். காரணம், இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் அதன் உமிழ்நீரில் இருக்கிறது. நாம் சபித்துக்கொண்டே பிடுங்கி எறிகிற அட்டைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு, பார்த்தீர்களா?

1924-இல் ஜெர்மனியில் கியார்க் ஹாஸ் என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதருக்கு இம்முறையைச் செய்து பார்த்தார். ஆனால் உயிரைக் காக்கும் அளவுக்கு அது போதவில்லை.

ஒரு தாயின் முகம்

நெதர்லாந்து நாட்டில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லெம் கோல்ஃப். இவர் தந்தையும் மருத்துவர். சிறுவனாக இருந்தபோது மிருகக்காட்சிசாலையின் தலைவராக வேண்டும் என்பதே இவர் ஆசை. வாசிப்பதும் எழுதுவதும் இவருக்கு எளிதில் வரவில்லை. எழுத்துகள் தடுமாறும் குறைபாடு இருந்தது. "என் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது சார்" என்று பள்ளிக்கு வந்து சொல்லும் பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள்.

1938-இல் குரோனிங்கன் நகர மருத்துவமனையில் கோல்ஃப் இளம் மருத்துவராக இருந்தார். அவர் கவனிப்பில் 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் கெட்டுப்போய், வாந்தியும் தலைவலியுமாகக் கண்பார்வை மங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தான். உழவர் குடும்பத்துப் பிள்ளை. "உங்கள் மகன் பிழைக்கமாட்டான்" என்று அந்தத் தாயிடம் சொல்லவேண்டிய பொறுப்பு கோல்ஃபுக்கு வந்தது. தினமும் 20 கிராம் யூரியாக் கழிவை மட்டும் எடுக்க முடிந்தால் இவன் பிழைப்பானே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அப்போது சாசேஜ் எனும் இறைச்சிப் பண்டத்தைச் சுற்ற செலோஃபேன் தோல் கடையில் விற்றது. அதில் கொஞ்சம் இரத்தத்தையும் யூரியாவையும் ஊற்றிக் கட்டி, உப்பு நீரில் ஆட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் யூரியா ஏறக்குறைய முழுவதும் நீருக்குள் போய்விட்டது!

போர்க்காலத்தில் பிறந்த இயந்திரம்

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. கோல்ஃபின் தலைமைப் பேராசிரியர் யூதர். அந்தத் துயரத்தில் அவர் உயிர் போயிற்று. அந்த இடத்தில் நாஜிக் கட்சிக்காரர் வந்து அமர்ந்தார். அவர் கீழ் வேலை செய்ய மனமில்லாத கோல்ஃப், காம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

போர்க்காலத்தில் எது கிடைக்கும்? ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவ்வூர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் தலைவர் பெர்க் என்பவர் கைகொடுத்தார். மரச் சட்டங்களால் ஓர் உருளை செய்தார்கள். அதைச் சுற்றி செலோஃபேன் குழாயைச் சுற்றினார்கள். உப்பு நீர் நிரம்பிய எனாமல் தொட்டியில் பாதி முழுகும்படி அதை வைத்துச் சுழலவிட்டார்கள். சுழலும் குழாயிலிருந்து இரத்தம் ஒழுகாமல் இணைக்க ஃபோர்டு காரின் தண்ணீர்ப் பம்பில் உள்ள அமைப்பைப் பின்பற்றினார்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டைக்குப் பதிலாக ஹெப்பாரின் என்ற மருந்து வந்துவிட்டது.

1943 மார்ச் மாதம் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. சில நாள் தேறி, பிறகு இறந்துபோனார். அடுத்தவரும் இறந்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. இரண்டு ஆண்டுகளில் பதினைந்து பேருக்கு மேல் முயன்றும், இந்த இயந்திரத்தால்தான் பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் இல்லை. நம்மில் எத்தனை பேர் மூன்றாவது தோல்வியிலேயே கைகழுவியிருப்போம்!

1945 செப்டம்பரில் 67 வயது மாது ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். அவர் எதிரிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் இருந்தவர். ஊரார் அவரை வெறுத்தார்கள். கோல்ஃபோ நாஜிகளை எதிர்த்தவர். ஆனாலும் நோயாளி நோயாளிதான் என்று வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய பதினோரு மணி நேரம் உருளை சுழன்றது. அந்த அம்மாள் கண்விழித்தார். முதலில் சொன்ன வார்த்தை, "என் புருஷனை விவாகரத்து செய்யப்போகிறேன்" என்பதுதானாம்! சொன்னபடியே செய்தும்விட்டார். அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

போருக்குப் பின் கோல்ஃப் தாம் செய்து வைத்திருந்த இயந்திரங்களை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பினார். உரிமைப் பணம் கேட்கவில்லை. 1950-இல் அமெரிக்கா சென்று செயற்கை இருதய ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். 2009-இல் தமது 97-ஆம் வயதில் காலமானார்.

யாருக்கு வாழ்வு?

இன்னொரு தடை இருந்தது. ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயை வெட்டித் திறக்கவேண்டும். சில தடவைக்கு மேல் குழாய் மிஞ்சாது. 1960-இல் சியாட்டல் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரும் பொறியியலாளர் வெய்ன் குவின்டனும், கையிலேயே நிரந்தரமாக வைக்கும் டெஃப்ளான் குழாயைச் செய்தார்கள். ஒட்டாத பொரிக்கும் சட்டியில் பூசப்படுகிறதே, அதே பொருள்! முதலில் இதைப் பெற்றவர் பதினோரு ஆண்டு வாழ்ந்தார்.

ஆனால் இயந்திரங்கள் சில; நோயாளிகளோ பலர். ஆகவே அந்நகரில் ஏழு பேர் கொண்ட குழு கூடி, யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தது. வருமானம் என்ன, வேலை என்ன, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் பார்த்தார்கள். அன்றாடக் கூலிக்கு உழைக்கிற நம்மைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் எங்கே நின்றிருப்போம்? சிந்தித்துப் பாருங்கள். 1962-இல் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்து நாடே கொதித்தது. 1972-இல் அமெரிக்க அரசாங்கமே செலவை ஏற்கும் சட்டம் வந்தது. கருவியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது ஏழைக்கும் எட்டவேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

நம் நாட்டில் 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. இரத்தச் சுத்திகரிப்பும் இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளர்களுக்குத் தகுதி இருந்தால் அங்கும் உதவி உண்டு. சம்பளத்தில் பிடித்தம் போகிறதே என்று முணுமுணுக்காமல், கட்டணம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா என்று கேட்டு வையுங்கள்.

நாம் செய்யவேண்டியது

மலேசியாவில் சிறுநீரகம் பழுதாக முதல் காரணம் இனிப்புநீர். அது இந்தியரிடையே அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டி வருகின்றன. இரத்தக் கொதிப்பும் ஒரு முக்கியக் காரணம். "எனக்கு ஒண்ணும் செய்யலே, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். சிறுநீரகம் பெரும்பகுதி கெடும் வரையில் வலியே தெரியாது. இரத்தத்தில் சீனி, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கண்ட மாத்திரையைத் தினமும் வாங்கி விழுங்காதீர்கள். கெட்டிப் பாலும் சீனியும் கலந்த தேநீரைக் குறையுங்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை.

மாணவச் செல்வங்களே! மருத்துவரும் பொறியியலாளரும் பாத்திரத் தொழிற்சாலைக்காரரும் சேர்ந்து செய்த கருவி இது. உங்களில் அறிவியலை விரும்புகிறவர் உண்டு, கைவேலையில் கெட்டிக்காரர் உண்டு. இரண்டும் உயிர் காக்கும் கலைகளே. இன்று பரிசு பெறுகிறவர்களுக்கு வாழ்த்துகள். பெறாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களைப் போல எழுத்துக்குத் திணறிய ஒரு பையன்தான் இத்தனை இலட்சம் பேரை வாழவைத்தான். முயலுங்கள்!