மேசை மலையில் வேலைக்கு ஏறியவர்கள்

கேப் டவுன் நகரை ஒட்டி, உச்சியைச் சீவி எடுத்ததுபோல் தட்டையாக நிற்கிறது மேசை மலை. உயரம் 1,086 மீட்டர். அதன் கதையைச் சொல்கிறவர்கள் 1503இல் திசை தெரிந்துகொள்ள ஏறிய போர்த்துக்கீசிய மாலுமி சல்தாஞ்ஞாவில் தொடங்கி, 1929 அக்டோபரில் ஓடத் தொடங்கிய கேபிள் காருக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் நானூறு ஆண்டுக்கும் மேல் மலை சும்மா கிடக்கவில்லை. அன்றாடம் அதில் ஏறியவர்கள் வேலைக்காக ஏறினார்கள். பயணிகள் வந்தது அவர்கள் போட்ட தடத்தில்தான்.

1652இல் யான் வான் ரீபெக் இங்கே வந்து இறங்கியது, ஆசியாவுக்குப் போய்வரும் டச்சுக் கம்பெனிக் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தேற்றிக் கொடுக்க. அடிவாரத்தில் கொய்கொய் மக்கள் அதற்கு முன்பே மாடு மேய்த்துவந்தார்கள். கப்பல்களுக்கு வேண்டிய தண்ணீர் மலை ஓடைகளில் இறங்கியது. வேலைக்குக் கம்பெனி அடிமைகளைக் கொண்டுவந்தது: மடகாஸ்கரிலிருந்து, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து, வங்காளத்திலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும். ஆண்கள் சரிவுகளில் விறகு பொறுக்கிக் கட்டிச் சுமந்து இறங்கினார்கள். பெண்கள் ஊராரின் அழுக்குத் துணி மூட்டைகளைப் பிளாட்டெக்ளிப் ஓடைக்குத் தூக்கிப் போய்ப் பாறையில் துவைத்து வெயிலில் உலர்த்தினார்கள். 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்ற பிறகும் அந்த ஓடையில் வெளுப்பு ஓயவில்லை. இன்று உச்சிக்கு நடந்து ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் போவது அதே பிளாட்டெக்ளிப் பள்ளத்தாக்கு வழியாகத்தான்.

விறகு பொறுக்கப் போனதையும் துணி துவைக்கப் போனதையும் மலை ஏறியதாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். சல்தாஞ்ஞா மட்டும் காட்சி பார்க்கவா ஏறினார்? தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது மாலுமியின் தொழில். 1844இல் உச்சியில் கற்குவியல் எழுப்பச் செய்த வானியலாளர் தாமஸ் மக்லியருக்கும் நில அளவைதான் நோக்கம். அந்த இடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆக, வேலையாக ஏறியதல்ல தடை, யார் ஏறினார்கள் என்பதே. அந்தப் பெண்கள் தம் கைப்பட எதையும் எழுதிவைக்கவில்லை என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆனால் வந்துபோன ஐரோப்பியர்களின் எழுத்திலும் ஓவியத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். சரித்திரம் எழுதியவர்கள் அவர்களைப் பின்னணிக் காட்சியாகவே கொண்டார்கள்.

கேபிள் கார் கதையும் அப்படியே. நகரம் பெருத்துத் தண்ணீர் போதாமல் போனபோது மலையின் மேலேயே அணை கட்டினார்கள்: வுட்ஹெட் அணை 1897இல் முடிந்தது, ஹெலி-ஹட்சின்சன் அணை 1904இல். தொழிலாளர்கள் மேலேயே தங்கி, மலைக் கல்லையே வெட்டிக் கட்டினார்கள். சாமான் ஏற்ற 1890களிலேயே கேம்ப்ஸ் பே பக்கத்திலிருந்து கம்பிவடப் பாதை போட்டாயிற்று. சுற்றுலாக்காரர்களின் கேபிள் கார் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அது வேறு பாதை, வேறு நோக்கம், பொறியியலும் வேறு என்பது உண்மை. அதற்காக மலை ஏறிய முதல் கம்பிவடத்தை அடிக்குறிப்பில் தள்ளுவது நியாயமாகாது. மேலே கல் இழுத்த சிறிய நீராவி எஞ்சின், அணைக்கருகே உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கேபிள் காரில் போகிறவர்கள் விளிம்பில் நின்று படம் எடுத்ததோடு திரும்பாமல், அணை வரை நடந்து அதையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.